வட்டாரக் காலநிலை மாநாடுகளும் அமைப்புகளுக்கான அழைப்பும்

நம் ஊர்களில் ஒரு திருமணம் நடைபெறும்போது உறவினர்க்கு இருவகை அழைப்புகள் செல்வதைக் காண்கிறோம். நாள் குறிப்பதற்கு முன்பே வீட்டிற்கு வரவழைக்கப்பட்டு, கருத்துக் கேட்கப்படுவோர் ஒரு சாரார். எல்லாம் முடிவான பின்னர் அச்சிட்ட அழைப்பிதழைப் பெற்று, பந்தியில் அமர்ந்து, வாழ்த்திச் செல்வோர் மற்றொரு சாரார். இரு சாராரும் அழைக்கப்பட்டவர்களே. ஆயினும் பேச்சுக்கு அழைக்கப்படாமல் பந்திக்கு மட்டும் அழைக்கப்பட்டவர்களின் மனக்குறை எத்தனை ஆண்டுகள் நீடிக்கும் என்பதை நாம் அறிவோம்.

காலநிலை மாற்றத்தைப் பற்றி ஆராய நாடுகள் கூடும் மாநாடுகளிலும் இவ்வேறுபாடே பெரிதாக நிற்கின்றது. தொண்டு நிறுவனங்கள், உழவர் சங்கங்கள், மகளிர் மன்றங்கள், கல்லூரிகள், சமய அமைப்புகள் ஆகியவை இம்மாநாடுகளுக்கு அழைக்கப்படுவது இன்று வழக்கமாகிவிட்டது. அவை எப்பொழுது அழைக்கப்படுகின்றன, எதற்காக அழைக்கப்படுகின்றன என்பதை 2023ஆம் ஆண்டு கென்யாவின் தலைநகர் நைரோபியில் நடைபெற்ற ஆப்பிரிக்கக் காலநிலை உச்சி மாநாட்டை முன்வைத்து இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

காலநிலை மாற்றம் குறித்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 1992ஆம் ஆண்டு உருவாகி, 1994 மார்ச் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் கையெழுத்திட்ட நாடுகள் 1995இல் பெர்லினில் முதன்முறையாகக் கூடின. அவ்வுடன்படிக்கையின் 7ஆம் உறுப்பு, 6ஆம் பிரிவு, அரசு சாராத அமைப்புகளுக்கும் கதவைத் திறந்து வைத்துள்ளது. உடன்படிக்கையின் பொருளில் தகுதியுடைய எந்த அமைப்பும் பார்வையாளராக அனுமதி கேட்கலாம். கூடியுள்ள நாடுகளுள் மூன்றில் ஒரு பங்கு மறுத்தாலன்றி அவ்வனுமதி வழங்கப்படும் என்பது விதி. பார்வையாளர் என்னும் சொல்லே அதன் எல்லையையும் கூறிவிடுகிறது. அவர் இருக்கலாம், சில வேளைகளில் பேசலாம், வாக்களிக்க இயலாது.

இவ்வாறு அனுமதி பெற்ற அமைப்புகள் இன்று மூவாயிரத்துக்கும் மேல். தொடக்கத்தில் அவை இரண்டே பிரிவுகளாக இருந்தன: வணிகத்துறையினர், சுற்றுச்சூழல் ஆர்வலர். பின்னர் உள்ளாட்சிகள், பழங்குடி மக்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், மகளிர், இளைஞர், உழவர் எனப் பிரிவுகள் ஒன்பதாயின. உழவரும் பெண்டிரும் தமக்கெனத் தனி இடம் பெறப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சமய அமைப்புகளுக்கு இன்றளவும் தனிப்பிரிவு இல்லை. அவை முறைசாராக் குழுவாகவே இயங்கி வருகின்றன.

உலக மாநாடு மிகப் பெரியது. ஏழை நாட்டின் சிறிய அமைப்பு அங்கே சென்றடைவது அரிது. இக்குறையை நீக்க வல்லவை வட்டார மாநாடுகள். அண்டை நாடுகளின் மழையும் வறட்சியும் ஆறும் கடலும் ஒன்றோடொன்று தொடர்புடையன. ஆதலின் அண்டை நாட்டார் ஓரிடத்தில் கூடிப் பேசுவது பொருத்தமே. ஐக்கிய நாடுகள் அவையின் காலநிலைச் செயலகம் ஆப்பிரிக்கா, ஆசிய-பசிபிக், இலத்தீன் அமெரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளில் ‘காலநிலை வாரம்’ என்னும் பெயரில் கூட்டங்களை நடத்தி வந்துள்ளது. அவற்றின் பிறப்பை அறிந்துகொள்வது நல்லது. ஆப்பிரிக்காவில் இக்கூட்டம் முதலில் ‘ஆப்பிரிக்கக் கரிம மன்றம்’ என்றே வழங்கிற்று. கரிமச் சான்றிதழ்களை வாங்குவோரையும் விற்போரையும் ஒன்றுசேர்க்கும் சந்தைக் கூட்டமாகத் தொடங்கி, 2018இல்தான், அதே நைரோபியில், ‘ஆப்பிரிக்கக் காலநிலை வாரம்’ எனப் பெயர் பூண்டது. சந்தையாகத் தோன்றிய ஒன்று மன்றமாக மாறிய பின்னரும் பழைய வாடிக்கையாளர்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பது வியப்பன்று.

நைரோபியில் நடந்தது

2023 செப்டம்பர் 4 முதல் 6 வரை ஆப்பிரிக்க ஒன்றியமும் கென்ய அரசும் இணைந்து ஆப்பிரிக்காவின் முதல் காலநிலை உச்சி மாநாட்டை நடத்தின. அதே நாள்களில் காலநிலை வாரமும் அந்நகரில் நடைபெற்றது. உலகம் வெளியிடும் பசுமையில்ல வாயுக்களில் ஆப்பிரிக்காவின் பங்கு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. துன்பத்தின் பங்கோ அதற்கு நேர்மாறானது. 2020ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி ஐந்து மழைப்பருவங்கள் தொடர்ந்து பொய்த்தமையால், கென்யாவின் வடகிழக்கில் முஸ்லிம் மேய்ப்பர்கள் நிறைந்து வாழும் காரிஸா, வாஜிர், மண்டேரா மாவட்டங்களில் கால்நடைகள் பெருந்தொகையாக மடிந்தன. அண்டை நாடான சோமாலியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் வறட்சியால் ஏறத்தாழ 43,000 பேர் மிகுதியாக இறந்திருக்கலாம் என்றும், அவர்களுள் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளாக இருக்கலாம் என்றும் மதிப்பிடப்பட்டது. மாநாடு கூடிய நகரத்திலிருந்து இவ்விடங்கள் வெகுதொலைவில் இல்லை.

மாநாட்டிற்குச் சில வாரங்களுக்கு முன்னர், ஆப்பிரிக்காவின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மக்கள் அமைப்புகள் கென்ய அதிபர் வில்லியம் ரூட்டோவுக்கு ஒரு திறந்த மடல் வரைந்தன. மாநாட்டின் பொருள்நிரலை வகுப்பதில் ஓர் அமெரிக்க ஆலோசனை நிறுவனம் மிகுந்த செல்வாக்குச் செலுத்துகிறது. ஆப்பிரிக்க மக்களின் தேவைகள் பின்தள்ளப்பட்டுக் கரிமச் சந்தை முன்னிறுத்தப்படுகிறது. ஆதலின் மாநாட்டின் போக்கை மாற்றியமைக்க வேண்டும் என்பது அம்மடலின் சாரம்.

கரிமச் சந்தை என்பதைச் சிறிது விளக்குவோம். ஓரிடத்தில் காட்டைக் காத்தோ புகையைக் குறைத்தோ அதற்கு ஒரு சான்றிதழ் பெறலாம். அச்சான்றிதழை வேறொரு நாட்டின் தொழிற்சாலை விலைக்கு வாங்கி, தான் வெளியிடும் புகைக்கு ஈடாகக் கணக்கிற் காட்டிக்கொள்ளலாம். இதனால் காட்டு நாட்டிற்குப் பணம் வருகிறது என்பர் ஆதரிப்போர். புகை நாட்டின் புகை அப்படியே இருக்கிறது என்பர் எதிர்ப்போர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால், ஆடுமாடுகளை இழந்த மேய்ப்பனை முதலில் அழைத்து, ‘எதைப் பற்றிப் பேசலாம்?’ என்று கேட்டிருந்தால், அவன் நீரையும் புல்லையும் கடனையும் பற்றிச் சொல்லியிருப்பானேயன்றிச் சான்றிதழைப் பற்றிச் சொல்லியிருக்கமாட்டான் என்பது நம் துணிபு.

அழைப்பின் காலம் பொருளை மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மடல் எழுதிய அமைப்புகளுள் பல மாநாட்டிற்கு அழைக்கப்பட்டவையே. அவற்றின் குறை, அழைக்கவில்லை என்பதன்று. நிரல் எழுதி முடித்தபின் அழைத்தார்கள் என்பதே. மாநாடு தொடங்கிய நாளில் அவை நைரோபித் தெருக்களில் ஊர்வலம் நடத்தின. தமக்கெனத் தனியே ஒரு மக்கள் பிரகடனத்தையும் வெளியிட்டன. வடகென்ய மேய்ப்பர் குடியிற் பிறந்தவரும், ‘பவர் ஷிஃப்ட் ஆப்பிரிக்கா’ என்னும் அமைப்பின் நிறுவனருமான முகம்மது அடோ, மாநாட்டின் போக்கைக் கடுமையாகக் குறைகூறியோருள் ஒருவர்.

இவ்வளவும் கூறியபின், மாநாட்டினால் பயனே இல்லை என்று முடிவு கட்டுவது நேர்மையாகாது. நைரோபிப் பிரகடனம் நிலக்கரி, எண்ணெய் வாணிகத்தின் மீதும், கப்பல், வானூர்திப் போக்குவரத்தின் மீதும் உலகளாவிய கரிம வரியொன்று விதிக்கப்பட வேண்டும் எனக் கோரியது. 2022இல் 56 கிகாவாட்டாக இருந்த ஆப்பிரிக்காவின் புதுப்பிக்கத்தக்க மின்திறனை 2030க்குள் 300 கிகாவாட்டாக உயர்த்த வேண்டும் என்றது. 2,300 கோடி டாலர் அளவிலான வாக்குறுதிகள் அறிவிக்கப்பட்டன. வாக்குறுதி வேறு, கைக்கு வந்த பணம் வேறு என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனினும் ஆப்பிரிக்கத் தலைவர்கள் ஒரே குரலிற் பேசியது சிறிய செய்தியன்று.

அதே மாநாட்டில், புயல், வெள்ளம் பற்றிய முன்னெச்சரிக்கை ஆப்பிரிக்கர் அனைவரையும் எட்டச் செய்வதற்கான செயல்திட்டம் ஒன்றும் செப்டம்பர் 4 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதன்பின் ஆறு நாள்களே கழிந்தன.

தெர்னா

செப்டம்பர் 10 இரவு, ‘டேனியல்’ என்னும் புயல் வட ஆப்பிரிக்க நாடான லிபியாவின் கிழக்குக் கரையைத் தாக்கியது. அல்பைதா நகரில் ஒரே நாளில் 414 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தோழர்கள் சிலரது அடக்கத்தலங்கள் உள்ள ஊராகப் போற்றப்படும் தெர்னா நகருக்கு மேலே, 1970களில் கட்டப்பட்ட இரண்டு அணைகள் நள்ளிரவுக்குப்பின் உடைந்தன. நகரின் நடுப்பகுதி குடும்பம் குடும்பமாகக் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டது. இறந்தோர் பற்றிய கணக்குகள் வேறுபடினும், பல ஆயிரவர் என்பதில் ஐயமில்லை.

அணைகள் பழுதுற்றிருந்ததை எவரும் அறியாமல் இல்லை. லிபியாவின் உமர் அல்முக்தார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நீரியல் அறிஞர் அப்துல் வனீஸ் அஷூர், தெர்னாப் பள்ளத்தாக்கின் அணைகளை ஆராய்ந்து, அவை உடனடியாகப் பராமரிக்கப்பட வேண்டும், பெருவெள்ளம் வந்தால் நகருக்குப் பேரழிவு நேரும் என 2022ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருந்தார். அது வெளியானது அந்நாட்டுப் பல்கலைக்கழக இதழ் ஒன்றில். லிபிய வானிலை மையமும் புயலைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்தது. ஆனால் அவ்வெச்சரிக்கை மழையையும் காற்றையும் பற்றியதேயன்றி, அணையின் நிலையைப் பற்றியதன்று. முறையான எச்சரிக்கையும் வெளியேற்றமும் இருந்திருப்பின் உயிரிழப்புகளுட் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்று அப்போதைய உலக வானிலை அமைப்பின் தலைவர் பின்னர் கூறினார்.

அஷூரை ஒரு மாநாட்டிற்கு அழைத்திருந்தால் அணை காக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல நாம் துணியவில்லை. உள்நாட்டுப் போரினால் இரண்டாகப் பிளவுண்டு கிடந்த அந்நாட்டின் நோய் பெரிது. ஆயினும் ஒன்று சொல்லலாம். ஓர் ஊரின் ஆபத்தை முதலில் அறிபவர் அவ்வூர்க் கல்லூரி ஆசிரியராகவோ, அணைக் காவலராகவோ, மீனவராகவோ, பள்ளிவாசலின் இமாமாகவோ இருத்தல் கூடும். அவர்களது அறிவு மாநாட்டின் மேசைக்கு வருவதற்கு வழி, அவர்கள் சார்ந்த அமைப்புகளை முன்கூட்டியே வரவழைத்தல் ஒன்றே. எச்சரிக்கைத் திட்டத்தில் எந்த அணை முதலிடம் பெற வேண்டும் என்பதை வெளியூர் வல்லுநரால் ஊகிக்க மட்டுமே இயலும்.

கலந்தாலோசனை நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘அஷ்ஷூரா’, அதாவது கலந்தாலோசனை. மதீனாவைப் படைகள் முற்றுகையிட வந்தபோது, பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்களின் யோசனைப்படியே அகழி தோண்டப்பட்டது என வரலாறு கூறும். போர்முறை முடிவாவதற்கு முன்பே ஒரு புதியவரின் கருத்து ஏற்கப்பட்டது என்பதே இதில் நாம் காணத்தக்கது.

முஸ்லிம் அமைப்புகள் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல் நகரில் கூடிய அறிஞர்கள், பாரிஸ் மாநாட்டிற்கு முன்னதாகவே, ஓர் இஸ்லாமியக் காலநிலைப் பிரகடனத்தை வெளியிட்டனர். செல்வ நாடுகளோடு எண்ணெய் வள நாடுகளையும் பெயர் சுட்டி, நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பசுமையில்ல வாயுக்களை ஒழிப்பதில் முன்னிற்குமாறு அவர்கள் கேட்டது துணிவான செயலே. 2023இல் துபாயில் நடைபெற்ற உலக மாநாட்டில் முதன்முறையாகச் சமயங்களுக்கென ஒரு பொது அரங்கு அமைந்தது. 2024 பிப்ரவரியில் ‘அல்-மீஸான்’ என்னும் இஸ்லாமியச் சுற்றுச்சூழல் ஆவணம் வெளியிடப்பட்டதும் நைரோபியில்தான். மீஸான் என்பது தராசு, சமநிலை எனப் பொருள்படும். இவையனைத்தும் நன்றே; ஆனால் இவை பெரும்பாலும் அறிஞர் பெருமக்களின் அளவிலேயே நின்றுவிடுகின்றன. வாஜிரில் வறண்ட கிணற்றருகே தொழுகை நடத்தும் இமாமுக்கு அழைப்பு எப்போது செல்லும் என்பதே நம் கேள்வி.

அழைப்புக் கடிதத்தில் இருக்கவேண்டியவை

அமைப்புகளை அழைக்கும் கடிதம் பெரும்பாலும் இடம், நாள், தலைப்பு ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. துணை அமர்வு நடத்த விரும்புவோர் குறித்த நாளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். விண்ணப்பம் எழுத ஆங்கிலம் தெரிந்த பணியாளரை வைத்துள்ள நகர நிறுவனங்களுக்கே இவ்வரி பயன்படும். சோமாலி பேசும் மேய்ப்பர் சங்கத்திற்கு அவர்கள் மொழியில் கடிதம் வேண்டும். பயணச் செலவை யார் ஏற்பர் என்ற விவரம் வேண்டும். விசா பெறக் காலம் வேண்டும். யாவற்றினும் முதலாக, நிரலின் வரைவை உடன் வைத்து, இதில் எதைச் சேர்க்க வேண்டும், எதை நீக்க வேண்டும் என்று கேட்கும் ஒரு பத்தியும், அவ்விடை வந்து சேர்வதற்குப் போதிய மாதங்களும் வேண்டும்.

பணமின்மை இதற்கு ஒரு தடையே. போதிய நிதியில்லாமையால் 2024ஆம் ஆண்டில் காலநிலை வாரங்கள் எங்குமே நடைபெறவில்லை. 2025இல் அவை மீண்டும் தொடங்கி, மே மாதம் பனாமாவிலும், செப்டம்பரில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலும் கூடின. ஆப்பிரிக்காவின் இரண்டாம் உச்சி மாநாடும் அதே செப்டம்பரில் 8 முதல் 10 வரை அடிஸ் அபாபாவிலேயே நடைபெற்றது.

நம்மைப் போன்ற கல்வி நிறுவனங்களும் ஆராய்ச்சிப் பிரிவின்கீழ்ப் பார்வையாளர் தகுதி கோரலாம். இலாப நோக்கற்ற அமைப்பு என்பதற்கான சான்றும், இத்துறையில் ஆற்றிய பணி பற்றிய விவரமும் விண்ணப்பத்துடன் கேட்கப்படுகின்றன. விண்ணப்பத்தை மாநாட்டிற்குப் பல மாதங்களுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும்.