நாயின் நோய்க்குறிகள்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எனத் தாம் தோன்றிய ஊர்களின் பெயரையே தாங்கி நிற்பவை தமிழகத்து நாயினங்கள். வேட்டைக்கும் காவலுக்கும் பழகிய இவற்றை நோய் அண்டாது என்னும் நம்பிக்கை சிற்றூர்களில் இன்றும் உண்டு. அது பிழையான நம்பிக்கை. நாய் தன் வலியை இயன்றவரை மறைத்துக்கொள்ளும் உயிர். அது படுத்துவிட்ட பின்னர் நோயை அறிவது பெரும்பாலும் காலங்கடந்த அறிவாகிவிடுகிறது.

மூக்கு உலர்ந்திருந்தால் காய்ச்சல் என்பர். மூக்கைவிட ஈறே நம்பத்தக்க சான்று. நலமுள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும்; விரலால் அழுத்தினால் வெளிறி, 2 நொடிக்குள் மீண்டும் சிவக்கும். ஈறு வெளுத்திருப்பின் குருதி இழப்பையோ உண்ணிக் காய்ச்சலையோ ஐயுறலாம். நீலம் பாரித்திருப்பின் ஒரு கணமும் தாழ்த்தலாகாது. உடலைத் தொட்டுக் காய்ச்சலை அளத்தலும் பயன்தராது. நாயின் இயல்பான வெப்பமே ஏறத்தாழ 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை என்பதால், நம் கைக்கு அது எப்போதும் சுடவே செய்யும்.

குட்டிகளுக்கு மிகக் கொடியது பார்வோ நச்சுயிரி நோய். 1978ஆம் ஆண்டளவில் கண்டறியப்பட்ட இந்நச்சுயிரி குடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. முதலில் சோர்வு, அடுத்து வாந்தி, பின்னர் முடைநாற்றமுடைய குருதிக் கழிச்சல் என நோய் விரைந்து முற்றும். 'நாளை பார்க்கலாம்' என்று இருந்துவிடுதல் இந்நோயில் கூடாது. உரிய நேரத்தில் நீர்மம் ஏற்றப்பெற்றுப் பிழைத்த குட்டிகள் பல. இறந்த குட்டி கிடந்த மண்ணில் நச்சுயிரி பல மாதங்கள் தங்கியிருக்கும். அங்கே தடுப்பூசி போடாத மற்றொரு குட்டியைக் கொண்டுவருதல் அதனையும் இழப்பதற்கு வழி. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் தடுப்பூசியின் பயனைக் குறைக்கக்கூடும். ஆதலால், 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம்வரை அதனை இடைவெளிவிட்டு மீண்டும் மீண்டும் போடுகின்றனர்.

கோடையில் நாய் நாவைத் தொங்கவிட்டு இரைத்தல் இயல்பே. மூச்சினாலேயே அது உடலைக் குளிர்விக்கிறது. இரைப்பு ஓயாமல் நடையும் தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. உடலை நீரால் நனைத்தவாறே மருத்துவரிடம் கொண்டு செல்க. நமக்கு உதவும் பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சாகலாம் என்பதால், வீட்டு மருந்துப் பெட்டியை நாடுதல் தகாது.

இவையனைத்தினும் வேறானது வெறிநோய், மனிதரையும் கொல்வது. பழகிய நாய் திடீரெனச் சீறுவதும், சீறும் நாய் இருளில் பதுங்குவதும் இதன் தொடக்கமாகலாம். தாடை தொங்கி, எச்சில் வழிய, விழுங்க இயலாது தவிக்கும் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியதோ என்றெண்ணி, வாய்க்குள் கைவிடுவோர் உண்டு. அஃது உயிருக்கே உலைவைக்கும் செயல். கடியோ கீறலோ பட்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் வேண்டும். கடித்த நாய் 10 நாள் கடந்தும் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் வெறிநோய் நச்சுயிரி இல்லை என மருத்துவர் கொள்வர். ஆனால், அந்தப் 10 நாள் கழியட்டும் என ஊசியைத் தள்ளிவைத்தலாகாது.