தான்யா அகிஞிகா

தான்யா அகிஞிகா (பிறப்பு: 1978) ஓர் அமெரிக்க இழைக் கலைஞரும் அறைகலன் வடிவமைப்பாளரும் ஆவார். ஐக்கிய அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடைப்பட்ட எல்லையை ஒட்டி வளர்ந்த இவர், அந்த எல்லையோர வாழ்க்கையைக் கருப்பொருளாகக் கொண்டு கையால் நெய்தும் முடிச்சிட்டும் ஆக்கிய இழைச் சிற்பங்களுக்காக அறியப்படுகின்றார். எல்லையைக் கடப்போர் பலர் இட்ட முடிச்சுக்களால் உருவான "எல்லைக் கிப்பு" இவருடைய படைப்புக்களுள் குறிப்பிடத்தக்கது.

எல்லையோர இளமை

அகிஞிகா கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் பிறந்து, எல்லைக்கு அப்பால் உள்ள மெக்சிக்க நகரமான திஹுவானாவில் வளர்ந்தார். பள்ளிக்குச் செல்வதற்காக 14 ஆண்டுகள் நாள்தோறும் எல்லையைக் கடந்தார். இவ்விரு நகரங்களுக்கும் நடுவே உள்ள சான் இசித்ரோ கடவை, உலகில் மிகுதியான மக்கள் கடந்து செல்லும் தரைவழி எல்லைக் கடவைகளுள் ஒன்று. மெக்சிக்கோவில் வசித்துக்கொண்டு மறுபுறம் வேலைக்கோ பள்ளிக்கோ செல்வோர், விடியுமுன்பே இங்கு வரிசையில் நிற்பது வழக்கம்.

அமெரிக்க மண்ணில் பிறந்தவர் என்பதால் அகிஞிகாவால் எல்லையைச் சட்டப்படி கடக்க முடிந்தது. அவ்வுரிமை இல்லாத பலர் அவரைச் சுற்றி வாழ்ந்தனர். அவர் வளர்ந்த காலத்திலேயே எல்லையின் தோற்றமும் மாறியது. 1990களின் தொடக்கத்தில், வியட்நாம் போர்க்காலத்தில் வானூர்திகள் இறங்குவதற்காகச் செய்யப்பட்ட எஃகுத் தகடுகளைக் கொண்டு திஹுவானாவின் ஓரமாக வேலி எழுப்பப்பட்டது. 1994 இல் இப்பகுதியில் எல்லைக் காவல் மேலும் கடுமையாக்கப்பட்டது.

கல்வியும் சமூகப் பணியும்

அகிஞிகா சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் ரோட் தீவு வடிவமைப்புப் பள்ளியில் அறைகலன் வடிவமைப்பில் முதுகலைப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே, 1984 இல் சான் டியேகோவில் தொடங்கப்பட்ட எல்லைக் கலைப் பட்டறை என்னும் குழுவில் சேர்ந்து பணியாற்றினார். இக்குழு, திஹுவானாவின் புறநகரில் உள்ள மக்லோவியோ ரோஹாஸ் என்னும் ஏழை மக்கள் குடியிருப்பில் சமூகக் கூடம் அமைப்பதில் பங்கேற்றது. ஊராருடன் கூடி ஒன்றை ஆக்குவதும் கலையே என்ற எண்ணம் அவருடைய பிற்காலப் பணிகள் எங்கும் காணப்படுகின்றது.

இழைச் சிற்பம்

நூல், கயிறு, கம்பளி போன்ற இழைகளால் ஆன முப்பரிமாணப் படைப்பு இழைச் சிற்பம் எனப்படும். 1960களில் மக்தலேனா அபகனோவிச், ஷீலா ஹிக்ஸ், லெனோர் டாவ்னி முதலியோர், நெசவைச் சுவரில் தொங்கும் திரை என்ற நிலையிலிருந்து விடுவித்து, இடத்தை நிரப்பும் வடிவங்களாக மாற்றினர். 1969 இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இத்தகைய படைப்புக்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. அகிஞிகா இம்மரபின் தொடர்ச்சியாக வருபவர். எனினும் அவரிடத்தில் நெசவு நுட்பமே எல்லையைப் பற்றிய கருத்தையும் சுமக்கின்றது.

நுட்பங்கள்

ஃபெல்ட்: ஆட்டு உரோமத்தை வெந்நீரும் சவர்க்காரமும் இட்டுத் தேய்த்தால், அதன் மேற்பரப்பில் உள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. தறியோ தையலோ இன்றி உறுதியான துணி கிடைக்கின்றது. அகிஞிகா தொடக்ககாலத்தில், சாதாரண மடக்கு இரும்பு நாற்காலிகளை இவ்வாறு கையால் செய்த கம்பளி ஃபெல்ட்டினால் முழுவதும் போர்த்தினார். குளிர்ந்த உலோகப் பொருள் ஒன்று இதனால் மென்மையான தோல் பெற்றது.

இடுப்புத்தறி: தென் மெக்சிக்கோவின் சியாப்பாஸ் மாநிலத்தில் மாயா இனப் பெண்கள் பயன்படுத்தும் தறி இது. இந்தியாவின் நாகாலாந்து, மணிப்பூர் மாநிலங்களிலும் இதை ஒத்த தறி உண்டு. பாவு நூல்கள் இரு கோல்களுக்கு இடையே கட்டப்படும். ஒரு கோல் மரத்திலோ தூணிலோ பிணைக்கப்படும். மற்றது ஒரு பட்டையினால் நெசவாளரின் இடுப்போடு இணைக்கப்படும். அவர் பின்னே சாய்ந்தால் பாவு இறுகும், முன்னே வந்தால் தளரும். தறிக்கெனத் தனிச் சட்டகம் இல்லை. உடலே தறியின் ஒரு பகுதியாகின்றது. அகிஞிகாவும் மற்றொரு கலைஞரும் எல்லை வேலியின் இரு பக்கங்களில் இருந்தபடி இத்தறியில் நெய்துள்ளனர். மரத்துக்குப் பதிலாக வேலியே தறியைப் பிணைக்கும் தூணாயிற்று.

எல்லைக் கிப்பு

கிப்பு என்பது தென் அமெரிக்காவின் இன்கா அரசு கணக்கு வைக்கப் பயன்படுத்திய முடிச்சுக் கயிறு ஆகும். ஒரு தலைக்கயிற்றிலிருந்து பல கயிறுகள் தொங்கும். முடிச்சின் வகையும் அது இருக்கும் உயரமும் சேர்ந்து, பதின்ம முறையில் ஓர் எண்ணைக் குறிக்கும். முடிச்சு இல்லாத இடம் சுழியம். மக்கள்தொகை, வரி போன்றவை இவ்வாறு பதியப்பட்டன.

2016 இல் அகிஞிகாவும் தன்னார்வலர்களும் சான் இசித்ரோ கடவையில் காத்திருந்தோரிடம் இரண்டிரண்டு நூல்களைக் கொடுத்து, அவற்றை ஒன்றாக முடிச்சிடச் சொன்னார்கள். இரு நூல்களும் இரு நாடுகளையும், அவற்றோடு ஒருவருக்கு உள்ள உறவையும் குறிக்கும். கூடவே ஓர் அஞ்சலட்டையும் தரப்பட்டது. எல்லையைக் கடக்கும்போது மனத்தில் எழுவது என்ன என்று அதில் கேட்கப்பட்டிருந்தது. சேர்ந்த முடிச்சுக்கள் ஒன்றோடொன்று கட்டப்பட்டு நீண்ட கயிறுகளாகத் தொங்கவிடப்பட்டன.

இன்காக்களின் கிப்புவில் ஒரு முடிச்சுக்குத் தனி அடையாளம் இல்லை. அது தொகையின் ஒரு பகுதி மட்டுமே. எல்லைக் கிப்புவில் முடிச்சு எண்ணைக் குறிப்பதில்லை. ஒவ்வொன்றும் வரிசையில் நின்ற ஒரு தனி மனிதருடையது. எல்லைப் புள்ளிவிவரங்களில் வெறும் எண்ணிக்கையாக இடம்பெறுவோர், இங்கு தம் கையால் தம் இருப்பைப் பதிந்துள்ளனர்.

ஆம்போஸ்

இப்பணி 2016 இல் தொடங்கப்பட்ட ஆம்போஸ் என்னும் திட்டத்தின் பகுதியாகும். ஸ்பானிய மொழியில் இச்சொல்லுக்கு "இரண்டும்" என்று பொருள். ஆங்கிலத்தில் "எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே ஆக்கிய கலை" எனப் பொருள்படும் தொடரின் முதலெழுத்துக்களாகவும் இது அமைகின்றது. குழுவினர் ஏறத்தாழ 3,145 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லையை ஒட்டிப் பயணம் செய்து, பிற கடவைகளிலும் முடிச்சுக்களைத் திரட்டினர். புகலிடம் கோரித் திஹுவானாவில் காத்திருப்போருக்குச் சுடுமண் கலைப் பயிற்சியும் அளித்துள்ளனர்.

கண்காட்சியும் விருதும்

2018 இல் நியூயார்க்கின் கலை வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் "கைவினையும் பேணலும்" என்று பொருள்படும் தலைப்பில் அகிஞிகாவின் தனிக் கண்காட்சி நடைபெற்றது. 2021 இல் இவருக்கு ஹைன்ஸ் விருது வழங்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

கிப்பு
இடுப்புத்தறி
திஹுவானா
ஐக்கிய அமெரிக்க - மெக்சிக்க எல்லை