சொல்லும் மௌனமும்

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் ஊர் திருக்காட்டுப்பள்ளி. அவ்வூர் வயல்களில் நாற்று நடும் பெண் ஒருவர், தமக்கு நேர்ந்த கொடுமைக்கு நீதி வேண்டி வழக்கறிஞரை நாடுவதாகக் கொள்க. “எந்தத் தேதியில் நடந்தது அம்மா?” என்கிறார் வழக்கறிஞர். “சம்பா நடவு முடிஞ்ச மூணாம் நாளுங்க” என்பது விடை. “தேதி தெரியாதா?” எனக் குரல் உயருமாயின், அப்பெண் தலைகுனிந்து பேச்சை நிறுத்திவிடக்கூடும். வழக்கின் முதன்மையான சான்று அம்மௌனத்திலேயே புதைந்துபோகும்.

மண்ணின் மொழி

உண்மையில், அவர் விடை கூறிவிட்டார். மேட்டூர் அணை திறப்பு, ஆடிப்பெருக்கு, குறுவை அறுவடை, சம்பா நடவு, பொங்கல் ஆகியனவே உழவர் வாழ்வில் காலத்தைக் காட்டும் குறிகள். அவ்வயலில் நடவு முடிந்த நாளைக் கூலிக் கணக்கைக் கொண்டும், உடன் நட்டவர்களைக் கேட்டும் உறுதிசெய்யலாம். மக்களின் பண்பாட்டை அறிந்த வழக்கறிஞர் அவ்விடையை ஒதுக்குவதில்லை. அதிலிருந்து தேதியைக் கண்டறிகிறார்.

அதிகாரத்தின் முன் தலைமுறைகளாகக் கைகட்டி நின்றோரின் “ஆமாங்க” என்னும் சொல்லும் எப்போதும் உடன்பாட்டைக் குறிப்பதன்று. அது மரியாதையாகவோ அச்சமாகவோ இருக்கலாம். ஆகவே, ஆம், இல்லை என முடியும் வினாக்களினும், “என்ன நடந்தது என்று உங்கள் சொற்களிலேயே கூறுங்கள்” என்னும் வேண்டுகோள் உண்மையை வெளிக்கொணரும்.

நினைவின் இயல்பு

பேரச்சத்துக்கு ஆளானவரின் நினைவு பெரும்பாலும் வரிசையாக அமைவதில்லை. கதவின் ஓசையோ புகையின் நெடியோ துல்லியமாக நிற்க, எது முன், எது பின் என்பது மங்கிவிடுவதுண்டு. கொடுமையை விவரிக்கையில் சிலர் அழுவர்; சிலர் உணர்ச்சியற்றவர்போல் பேசுவர். இவ்வேறுபாடுகளை மட்டும் கொண்டு ஒருவர் பொய் கூறுகிறார் என முடிவுசெய்தல் பிழை. அதற்காக, கூறுவன அனைத்தையும் ஆராயாமல் ஏற்க வேண்டும் என்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்குக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உண்டு. ஆயின், உண்மையைத் தேடும் வினா வேறு. காயத்தைக் கிளறும் வினா வேறு.

வழக்கு நீளும்போது காயமும் நீள்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2014 ஜூலை 30 அன்று வந்தது. இத்தகைய வழக்குகளில் ஒவ்வொரு விசாரணை நாளும் பெற்றோருக்கு அந்நாளின் நினைவை மீட்டுத் தருவதே ஆகும்.

சட்டம் காட்டும் வழி

இவ்வுண்மையைச் சட்டமும் உணர்ந்துள்ளது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012-இன்படி, குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்யும் காவல் அலுவலர் சீருடையில் இருத்தல் கூடாது. வழக்கறிஞர் தம் வினாக்களை நீதிபதியிடம் தர, அவரே குழந்தையிடம் கேட்பார். குழந்தைக்கு இடையிடையே ஓய்வு தரப்படும். எளிதில் பாதிப்புறும் சாட்சிகளுக்கென மாவட்டந்தோறும் தனி வாக்குமூல மையங்கள் அமைக்குமாறு 2022-இல் உச்சநீதிமன்றம் பணித்தது.

சாட்சியை நீதிமன்றம் வரவழைப்பதே வழக்கம். நீதிமன்றமே சாட்சியின் ஊருக்குச் சென்றதும் உண்டு. தருமபுரி மாவட்ட மலைக்கிராமமான வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று அரசுத் துறையினரால் பழங்குடி மக்கள் கொடுமைக்குள்ளாயினர். 2011-இல் குற்றவாளிகளுக்குத் தண்டனை வழங்கப்பட்டது. மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், 2023 மார்ச்சில் அக்கிராமத்துக்கே சென்று மக்களைக் கண்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்தார்.

சிறு செயல், பெரும் பயன்

அமர இருக்கை, குடிக்கத் தண்ணீர், அருகில் இருக்க அவர் விரும்பும் ஒருவர், நீதிமன்றத்தில் நிகழவிருப்பதை முன்னரே விளக்குதல், வேண்டும்போது பேச்சை நிறுத்தும் உரிமை ஆகியன பெருஞ்செலவு வேண்டாதவை. இவற்றைப் பெற்ற திருக்காட்டுப்பள்ளிப் பெண் தலைநிமிர்ந்து தம் சொற்களிலேயே பேசுவார். நடவு முடிந்த மூன்றாம் நாள், வழக்கேட்டில் ஒரு தேதியாக இடம்பெறும்.