பணிசெயல் முறைமையை மீள நிறுவுதல்: மெய்யான நிறுவற் கோப்பைப் பெறுவது எவ்வாறு?

மாணவர்களே, கணினி மந்தமாக இயங்கினாலோ நச்சுநிரல் தொற்றினாலோ "ஃபோமற் அடித்தால் சரி" என்று பலரும் கூறக் கேட்டிருப்பீர்கள். வன்றட்டிலுள்ள பழைய பணிசெயல் முறைமையை முற்றாக அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே தூய மீள்நிறுவல் ஆகும். ஆனால் நிறுவப் பயன்படுத்தும் கோப்பே தூய்மையற்றது என்றால் செய்த வேலை முழுவதும் வீண். எனவே "கோப்பு எங்கிருந்து வந்தது?" என்பதே முதலில் கேட்கவேண்டிய வினா.

1. கள்ளப் பிரதி ஏன் ஆபத்தானது?

கணினியின் வன்பொருளையும் ஏனைய மென்பொருள்களையும் கட்டுப்படுத்துவது பணிசெயல் முறைமையாகும். அதனுள் மறைத்து வைக்கப்பட்ட தீய நிரல், கணினி தொடங்கும்போதே இயங்கத் தொடங்கிவிடும். பின்னர் நிறுவும் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். நீங்கள் தட்டச்சிடும் கடவுச்சொற்களும் களவுபோகலாம்.

மேலும், இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கின்றது.

2. கோப்பு வேறு, உரிமம் வேறு

மாணவர் பலர் தவறுவது இங்கேதான்.

• விண்டோஸ் 11 நிறுவற் கோப்பை மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து எவரும் பணமின்றிப் பதிவிறக்கலாம். பணம் செலுத்திப் பெறுவது பயன்படுத்தும் உரிமத்தையே.
• உரிமம் 25 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட திறவுகோலாகவோ, கணினியின் வன்பொருளுடன் இணைந்த டிஜிற்றல் உரிமமாகவோ இருக்கலாம். உரிமத்துடன் வாங்கிய கணினியில் அதே பதிப்பை (ஹோம் அல்லது புரோ) மீள நிறுவினால், இணையத்தில் இணைந்ததும் பெரும்பாலும் தானாகவே செயற்படுத்தப்படும். புதிய உரிமம் வாங்கத் தேவையில்லை.
• உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமைகளில் கோப்பும் இலவசம், உரிமமும் இலவசம். பிரதி எடுத்து நண்பருக்குக் கொடுப்பதும் சட்டபூர்வமானதே.

3. பெறும் படிமுறை

(அ) உங்கள் கணினிக்கு எது பொருந்தும் எனப் பாருங்கள். விண்டோஸ் 11 இற்குக் குறைந்தது 4 ஜி.பி. பிரதான நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் தேவை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும் இருக்கவேண்டும். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்துவிட்டது. பழைய கணினிக்கு லினக்ஸ் நல்ல தெரிவாகும்.
(ஆ) நச்சுநிரல் தொற்றாத வேறொரு கணினியைப் பயன்படுத்துங்கள்.
(இ) தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். தேடற்பொறியில் முதலில் தோன்றுவது விளம்பரமாகவும் இருக்கலாம். ஆகவே முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.
(ஈ) விண்டோஸ் எனின் குறைந்தது 8 ஜி.பி. கொள்ளளவுள்ள பென் டிரைவில் நிறுவல் ஊடகத்தை உருவாக்குங்கள்.

4. கோப்பைச் சரிபார்த்தல்

பதிவிறக்கிய கோப்பு மாற்றப்படாதது என்பதை எஸ்.எச்.ஏ.-256 பெறுமதியால் அறியலாம். இது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஒரு பிற்று மாறினாலும் பெறுமதி முற்றாக மாறிவிடும். நிறுவனம் வெளியிட்ட பெறுமதியும் உங்கள் கணினி கணித்த பெறுமதியும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

இது வெறும் ஏட்டுப் பாடமன்று. 2016 பெப்ரவரி 20 ஆம் திகதி லினக்ஸ் மின்ற் இணையத்தளத்தினுள் ஊடுருவியோர், பதிவிறக்க இணைப்பைத் தீய நிரல் கலந்த கோப்புக்குத் திருப்பிவிட்டனர். சரியான தளத்துக்குச் சென்றவர்களும் ஏமாந்தனர். அவர்கள் தமது கோப்பைச் சோதித்துக்கொள்ளுமாறு, சரியான கோப்புகளுக்குரிய பெறுமதிகளை அக்குழுவினர் வெளியிட்டனர்.

5. கவனிக்க!

தூய மீள்நிறுவலில் வன்றட்டிலுள்ள தரவுகள் அழியும். புகைப்படங்கள், பாடக் குறிப்புகள் யாவற்றையும் முன்னரே வேறோர் ஊடகத்தில் பிரதி எடுங்கள். நிறுவல் ஊடகம் உருவாக்கும்போது அந்தப் பென் டிரைவில் உள்ளவையும் அழிந்துவிடும். எனவே அந்தப் பிரதியை அதில் வைக்கவேண்டாம்.

மாதிரி வினா

எஸ்.எச்.ஏ.-256 பெறுமதி 256 பிற்றுகளைக் கொண்டது. பதினாறாம் அடி எண்முறையில் எழுதினால் அதில் எத்தனை இலக்கங்கள் இருக்கும்?

விடை: பதினாறாம் அடியின் ஓர் இலக்கம் 4 பிற்றுகளைக் குறிக்கும். ஆகவே 256 ÷ 4 = 64 இலக்கங்கள்.

விடையை எழுதியபின், உங்கள் வீட்டுக் கணினியிலுள்ள பணிசெயல் முறைமை எங்கிருந்து பெறப்பட்டது என்பதையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.