பொட்டலத்தில் பாதிப் படம்

ஒகேனக்கல்லுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. பரிசலில் ஒரு சுற்று, எண்ணெய்க் குளியல், சுடச்சுட வறுத்த மீன், வழிச்செலவுக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை. கடந்த மாதம் சங்கக் கூட்டத்தை முடித்துக்கொண்டு நம் உறுப்பினர்கள் சிலருடன் நாமும் போயிருந்தோம். கடலை தீர்ந்தது. பொட்டலத் தாள் கையில் நின்றது. பிரித்துப் பார்த்தால், பழைய வாரப் பத்திரிகை ஒன்றின் பக்கம். கோட்டோவியமாக ஒரு கேலிச்சித்திரம். அதிலும் பாதிதான் இருந்தது. தொப்பி வைத்த ஒருவர் தராசைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். தராசின் ஒரு தட்டு தெரிகிறது. மறு தட்டில் என்ன இருந்தது என்பது வேறு யாருக்கோ கட்டிக் கொடுத்த பொட்டலத்தோடு போய்விட்டது.

"அரிசி மூட்டையாக இருக்கும்" என்றார் ஒருவர். "இல்லை, வரி மூட்டை" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தோம். பென்னாகரத்துப் பக்கம் மூன்று தலைமுறையாக மளிகைக்கடை நடத்தும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "எங்கள் தாத்தா ஒரு மரப்பெட்டி நிறைய இப்படிப்பட்ட புத்தகங்களைக் கட்டிக் கட்டி வைத்திருந்தார். அப்பா காலமானதும் பரணைச் சுத்தம் செய்தேன். பெட்டியை வைத்துக்கொண்டேன். புத்தகத்தைக் கிழித்து நானே பொட்டலம் மடித்தேன். மூன்று மாதம் வந்தது."

அந்த மூன்று மாதப் பொட்டலத்தில் என்ன போயிற்று என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் அத்தகைய பத்திரிகைகள் எப்படிப் பிறந்தன, அவற்றுக்கும் நம் வணிகத்துக்கும் என்ன உறவு என்பதைச் சொல்ல முடியும். அதற்காகவே இக்கட்டுரை.

படம் போட்ட பத்திரிகை

செய்தியைப் படத்தோடு தருவதற்கென்றே வார இதழ் தொடங்கியவர்கள் லண்டன்காரர்கள். 1842ஆம் ஆண்டு மே மாதம் 'இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்' வெளிவந்தது. அன்று புகைப்படத்தை அச்சில் ஏற்றும் வழி கிடையாது. ஓவியர் வரைந்ததைக் கெட்டியான மரக்கட்டையில் செதுக்கி, அதன் மேல் மை தடவி அச்சிட வேண்டும். பெரிய படம் என்றால் கட்டையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுத்துவிடுவார்கள். இராத்திரியோடு இராத்திரியாகச் செதுக்கி முடித்ததும் துண்டுகளை மறுபடி இணைத்து முறுக்கிவிடுவார்கள். சரக்கு குறித்த நாளில் சந்தைக்குப் போயாக வேண்டும் என்ற கவலை நமக்கு மட்டும் உரியதல்ல.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதுமுறை வந்தது. படத்தைப் புகைப்படம் எடுத்துத் துத்தநாகத் தகட்டில் பதித்து, வேண்டாத இடத்தை அமிலத்தால் அரித்துவிட்டால் கோட்டோவியத்துக்கான 'பிளாக்' தயார். புகைப்படத்தை அச்சிட வேண்டுமானால் சல்லடை போன்ற திரை ஒன்றை இடையில் வைத்து, படத்தைப் புள்ளி புள்ளியாக உடைத்தார்கள். இதற்கு 'ஆஃப்டோன்' என்று பெயர். நம் நாட்டில் இந்தக் கலையில் முன்னோடியாக விளங்கியவர் கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய். 1895இல் இதற்கென்றே தொழிலகம் தொடங்கியவர். திரைப்பட மேதை சத்யஜித் ராயின் தாத்தா.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். புள்ளிப் படத்துக்கு வழவழப்பான நல்ல தாள் வேண்டும். மலிவுத் தாளில் மை பரவிப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கறுப்பாகிவிடும். கோட்டோவியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு மட்டமான தாளிலும் கோடு கோடாகவே விழும். முதல் குறைந்த பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் கைகொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பாரதியின் கடை விரிப்பு

தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தின் முன்னோடி மகாகவி பாரதியார். 1906 மே மாதம் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே படம் போட்டார். படத்துக்கு விளக்கமும் எழுதினார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த காலம். ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். படமானால் படிப்பவர் கூடத் தேவையில்லை. கல்லாப்பெட்டி அருகே மடித்துப் போட்டிருந்தாலும் சாமான் வாங்க வந்தவர் கண்ணில் பட்டுவிடும்.

அப்பத்திரிகையின் சந்தா விகிதம் நம் போன்றவர்கள் ரசிக்க வேண்டிய ஒன்று. அரசாங்கத்தாருக்கு ரூ.50. ஜமீன்தார்கள், ராஜாக்கள், பிரபுக்களுக்கு ரூ.30. சாதாரண மக்களுக்கு ரூ.3. ஒரே சரக்கு; வாங்குபவரின் தரத்துக்கு ஏற்ற விலை. எதிர்த்து எழுதும் அரசாங்கத்துக்கே மிக அதிக விலை வைத்த துணிச்சலை என்னவென்பது!

அது சுதேசிய இயக்கத்தின் காலம். 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்றுக்கு ரூ.25. மூலதனம் 10 லட்சம். தூத்துக்குடி வணிகர் ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். கப்பல் ஓட்டியதில் வணிகர் பணம் இருந்தது. அந்த முயற்சிக்கு ஊர் ஊராக ஆதரவு திரட்டியதில் 'இந்தியா' பத்திரிகைக்குப் பங்கு இருந்தது. வணிகமும் பத்திரிகையும் தோளோடு தோள் நின்ற நாட்கள் அவை.

விலை கொடுத்தவர்கள்

படம் சிரிக்க வைத்தது. அரசாங்கம் சிரிக்கவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். அதே ஆண்டில் 'இந்தியா'வின் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் என்பவர் கைது செய்யப்பட்டு 5 ஆண்டு தண்டனை பெற்றார். பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். பத்திரிகையும் பின்தொடர்ந்தது. 1908 அக்டோபர் முதல் அங்கிருந்து வெளிவந்தது.

அங்கே கை வைக்க முடியாத ஆங்கில அரசு, பத்திரிகை தன் எல்லைக்குள் வராமல் தடுத்தது. வாங்குபவர்கள் எல்லாம் இந்தப் பக்கம், சரக்கு அந்தப் பக்கம். வழியில் மறித்துவிட்டால் எந்தக் கடை நிற்கும்? 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. அதே ஆண்டு வந்த அச்சகச் சட்டம், அச்சகம் நடத்துபவர்களிடம் காப்புத்தொகை கேட்டது. அரசாங்கத்துக்குப் பிடிக்காததை அச்சிட்டால் அந்தத் தொகை பறிமுதலாகும். எத்தனையோ பத்திரிகைகளின் கழுத்தை அந்தச் சட்டம் நெரித்தது.

இதில் நம் மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டு. சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி 1912இல் வெளியே வந்த சுப்பிரமணிய சிவா, மறு ஆண்டே 'ஞானபாநு' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். பாரதி அதில் எழுதினார். சிவா கடைசிக் காலத்தில் தங்கியது நம் பாப்பாரப்பட்டியில். அங்கே பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23இல் சிவா அங்கேயே காலமானார். ஒகேனக்கல் போகும் அன்பர்கள் பென்னாகரத்திலிருந்து சற்றே வழி மாறினால் அவருடைய நினைவிடத்தைப் பார்த்து வரலாம்.

பின்னர் படம் போட்ட பத்திரிகை நல்ல வியாபாரமும் ஆயிற்று. விளம்பர ஏஜெண்டாக இருந்த எஸ்.எஸ். வாசன் 1928இல் 'ஆனந்த விகடன்' பத்திரிகையை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்று பத்திரிகை உலகில் சொல்வார்கள். 1930களில் ஓவியர் மாலியின் நகைச்சுவைச் சித்திரங்கள் அதற்குப் பெரும் புகழ் தேடித்தந்தன. படத்துக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? தைலக்காரர், சோப்புக்காரர், ஜவுளிக்காரர், காப்பித்தூள்காரர். விளம்பரம் கொடுத்த வணிகர்கள்தான்.

எடைக்குப் போனதும் எடுத்து வைத்ததும்

ஆக, இந்தப் பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டியவர்களில் நாம் உண்டு. விளம்பரம் கொடுத்தவர்களில் நாம் உண்டு. கடைசியில் கிழித்துப் பொட்டலம் கட்டியவர்களிலும் நாம் உண்டு. இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. பழைய பேப்பர் எடைக்கு வந்தது, பொட்டலத்துக்குத் தாள் வேண்டியிருந்தது. வேறு என்ன செய்வது?

ஆனால் அதே பழைய பேப்பர் கடையில் வேறு கண்ணோடு நின்ற ஒருவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். நம்மை நம்பித் தொழில் செய்தவர் என்றே சொல்லலாம். சென்னை மூர் மார்க்கெட்டிலும் பழைய புத்தகக் கடைகளிலும் தேடித் தேடி நூல்கள், பத்திரிகைகள், நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என்று சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். அவர் சேர்த்தவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நாடு கடத்தாமல் தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. அதே 1994இல் 'இந்தியா' இதழின் கருத்துப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து நூலாக்கினார். யாரோ சிலர் கிழிக்காமல் வைத்திருந்ததால்தான் அது நடந்தது.

நாம் செய்யக்கூடியது

இன்னொரு செய்தியும் உண்டு. செய்தித்தாளில் உணவுப்பொருளைப் பொதிவதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்கின்றன. அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் உடம்புக்குக் கேடு. சூடான வடையும் எண்ணெய்ப் பலகாரமும் அந்த மையை இழுத்துக்கொள்ளும். ஆகவே அச்சடித்த தாளில் பொட்டலம் கட்டாமல் இருப்பது சட்டத்துக்கும் நல்லது, வாடிக்கையாளருக்கும் நல்லது, பழைய பத்திரிகைக்கும் நல்லது.

எடைக்கு வரும் கட்டைப் பிரிக்கும்போது ஒரு நிமிடம் பாருங்கள். முகப்பில் ஆங்கில ஆண்டு இல்லாவிட்டால் தமிழ் ஆண்டுப் பெயர் இருக்கும். புதுக்கணக்கு எழுதும் நமக்கு அது பழகியதுதான். பராபவ என்றால் 1906–07, பிலவங்க 1907–08, கீலக 1908–09, சௌமிய 1909–10. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் தாளையும் எழுத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முழு இதழாக இருந்தால் சுருட்டாமல், மடிக்காமல், ஒட்டுத்தாள் போடாமல் தட்டையாக வையுங்கள். ஈரமும் கரையானும் அண்டாத இடமாக இருக்கட்டும். பிறகு பக்கத்து ஊர் நூலகருக்கோ தமிழாசிரியருக்கோ ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நம் மூத்த உறுப்பினர் அந்தக் கடலைப் பொட்டலத் தாளை எறியவில்லை. எண்ணெய்க் கறையோடு அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பாதிப் படத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் அண்ணாச்சி?" என்று கேட்டோம். "கல்லாவுக்கு மேலே ஒட்டி வைக்கப் போகிறேன்" என்றார். "இன்னொரு பாதியைக் கிழிக்கக் கை போகும்போது கண்ணில் படட்டும்."

அன்பர்களே, உங்கள் பரணில் ஒரு மரப்பெட்டி இருந்தால், பெட்டிக்கு விலை பேசுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் பாருங்கள்.