நாய்க்கா, சைக்கிளுக்கா? வில் மண்ணில் ஒரு தகட்டு வேட்டை

மெட்டல் டிடெக்டர் கீச்சிடுகிறது. அரைச் சாண் தோண்டினால் மண் அப்பிய தகடு ஒன்று. கழுவினால் ஓர் எண்! காசு இல்லை, பதக்கமும் இல்லை. பிறகு என்ன? இதைக் கண்டுபிடிக்கும் குஷியே தனி!

கிழக்கு சுவிட்சர்லாந்தின் வில் நகரத்தில் இப்படியொன்று கிடைத்தால் எல்லாரும் எண்ணையே வெறித்துப் பார்ப்பார்கள். எண்ணை விடுங்கள், எழுத்தைத் தேடுங்கள். ‘எஸ்ஜி’ என்றிருந்தால் வில் அடங்கிய சங்க்ட் காலன் மாநிலம். ‘டிஜி’ என்றால் துர்காவ். ஊர் எல்லையைத் தாண்டினாலே துர்காவ்தான் என்பதால், இரண்டும் ஒரே வயலில் கிடைக்கலாம்.

அடுத்தது ஓட்டை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது! மேலே ஒற்றை ஓட்டை உள்ள சின்ன வில்லை என்றால், பெரும்பாலும் நாய் வரி கட்டியதற்கான அடையாளம். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கழுத்துப்பட்டை வளையம் உரசி உரசி, ஓட்டையின் மேல்விளிம்பு மட்டும் தேய்ந்து நீண்டிருக்கும். எந்த நாயோ, என்ன ஓட்டம் ஓடியதோ! பின்னாளில் நாய்களுக்கு மைக்ரோசிப் வந்துவிட்டது. 2007 முதல் எல்லா நாய்க்கும் கட்டாயம்.

சைக்கிளில் பொருத்தும் நீள்சதுரத் தகடு என்றால் அது ‘வேலோ’ எண். அங்கே சைக்கிளுக்கு வேலோ என்றுதான் பெயர். விபத்தில் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு கட்டியாயிற்று என்பதற்கு அத்தாட்சி. பிறகு தகடு போய் ஸ்டிக்கர் வந்தது. 2012இல் அதுவும் ஒழிந்தது. நம்மூரில் பஞ்சாயத்துக்கு வரி கட்டி சைக்கிள் வில்லை வாங்கிய பெரியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஆண்டு அழிந்துவிட்டதா? கையில் எடையைப் பாருங்கள். லேசாக, வெள்ளையாக இருந்தால் அலுமினியம். ரைன் அருவியின் விசையால் நொய்ஹௌசனில் அலுமினிய உற்பத்தி தொடங்கியது 1880களின் கடைசியில்தான்; அதற்கு முன் அது விலை உயர்ந்த உலோகம். ஆகவே உங்கள் தகடு அதற்குப் பிந்தியதாகத்தான் இருக்கும்.

எழுத்தே இல்லாத வெறும் எண்தான் கடினம். சாவி, கோட்டு மாட்டும் அறை, தொழிற்சாலைக் கருவி என்று எதுவாகவும் இருக்கலாம்.

ஒரு வேண்டுகோள். தொல்பொருள் தேட டிடெக்டர் எடுப்பதற்கு முன் மாநிலத் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்குங்கள். சுவிஸ் குடியியல் சட்டம் 724ஆம் பிரிவின்படி, அறிவியல் மதிப்புள்ள பழம்பொருள் மாநிலத்துக்கே சொந்தம்.