ஓசிப் பாதைக்கு யார் காசு கொடுப்பது? வேல்ஸ் காட்டுச் சைக்கிள் பாதைகள் பற்றிச் சில குறிப்புகள்

வேல்ஸ் வரைபடத்தில் ஏ470 என்ற சாலையைத் தேடிப் பாருங்கள். தெற்கே தலைநகர் கார்டிஃபில் தொடங்கி, மலைகளுக்குள் வளைந்து நெளிந்து, வடக்குக் கடற்கரையில் லான்டிட்னோ வரை போகும். இந்த ஒரே சாலையை ஒட்டி மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு முக்கியமான மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒன்று அரசுக் காடு. பாதையில் ஓட்ட டிக்கெட் கிடையாது. இன்னொன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓட்டும் தனியார் பூங்கா. மூன்றாவது உள்ளூர்க்காரர்களின் சமூக நிறுவனம் நடத்துவது. சைக்கிள் விஷயம் என்று நினைத்துத்தான் வாசிக்க ஆரம்பித்தேன். போகப் போக இது பாதையை யார் காப்பாற்றுவது என்ற கணக்காக மாறிவிட்டது.

முதலில் அரசுக் காடு. பெயர் கோய்ட் அ ப்ரெனின். வேல்ஸ் மொழியில் 'அரசனின் காடு' என்று பொருள். எரிரி தேசியப் பூங்காவின் தெற்குப் பகுதியில், டொல்கெத்லை என்ற சிற்றூருக்கு வடக்கே இருக்கிறது. (அந்த ஊர்ப் பெயரில் வரும் இரட்டை எல் ஒலியைத் தமிழில் எழுத வழியே இல்லை. நம்ம 'ழ' மாதிரி அது அவர்களுடைய பெருமை.) பெயரைப் பார்த்து ராஜா காலத்துக் காடு என்று நினைத்துவிட வேண்டாம். முதல் உலகப்போர் முடிந்தபோது பிரிட்டனின் நிலப்பரப்பில் காடு சுமார் 5 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. பதுங்குகுழிக்கும் மரம் வேண்டும், நிலக்கரிச் சுரங்கத்தின் கூரைக்கு முட்டுக் கொடுக்கவும் மரம் வேண்டும். அந்த பயத்தில் 1919-இல் ஃபாரஸ்ட்ரி கமிஷனை உருவாக்கினார்கள். அது ஒரு பழைய ஜமீன் குடும்பத்தின் நிலத்தை எடுத்து ஊசியிலை மரங்களை நட்டது. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவுக்காக வைத்த பெயர்தான் இது. சொல்லப்போனால் இது காடு என்பதைவிட ஒரு மரப்பண்ணை.

மலை நிறைய இருக்கும் நாட்டில் சைக்கிள்காரர்கள் ஏன் மரப்பண்ணைக்குள் போக வேண்டும்? காரணம் சட்டத்தில் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைபாதை வேறு, குதிரைப்பாதை வேறு. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குதிரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைக் கொடுத்தது, நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நடைபாதைகளில் அந்த உரிமை இல்லை. எண்பதுகளில் மலைச் சைக்கிள் மோகம் வந்ததும் இருக்கிற கொஞ்சம் குதிரைப்பாதையில் எல்லாரும் முட்டிக்கொண்டார்கள். ஸ்னோடன் சிகரத்துக்குப் போகும் குதிரைப்பாதைகளில் மே முதல் செப்டம்பர் வரை காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணிவரை சைக்கிள் ஓட்டுவதில்லை என்று ஒரு தன்னார்வ உடன்பாடே செய்துகொள்ள வேண்டியிருந்தது. அரசுக் காட்டில் இந்தச் சிக்கல் இல்லை. நிலத்துக்கு ஒரே பொறுப்பாளர். அவர் சரி என்றால் புதிதாகவே பாதை போடலாம்.

அப்படித்தான் 1990-களில் டாவித் டேவிஸ் என்ற கமிஷன் ஊழியர் இங்கே பாதை போட ஆரம்பித்தார். மரம் ஏற்றும் லாரிச் சாலைகள் ஏற்கெனவே இருந்தன. அவர் கேட்டது அது அல்ல; மரங்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் மட்டும் போகிற ஒற்றையடிப் பாதை. நம் ஊரில் ஒற்றையடிப் பாதை தானாக உண்டாகும், நடக்க நடக்கத் தேயும். இங்கே அப்படி விட்டால் ஒரே குளிர்காலத்தில் பாதை ஓடையாகிவிடும், ஏனென்றால் பிரிட்டனிலேயே அதிகம் மழை பெய்யும் பகுதிகளில் இதுவும் ஒன்று.

இந்த இடத்தில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. மலைச் சைக்கிள் பாதை அமைப்பவர் சைக்கிளைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார். தண்ணீருக்குச் சோம்பேறித்தனம் அதிகம், எப்போதும் செங்குத்தான வழியாகவே இறங்கப் பார்க்கும். அதனால் பாதை அமைப்பாளர்களிடம் 'பாதி விதி' என்று ஒன்று இருக்கிறது: மலைச்சரிவு எவ்வளவு சாய்வோ, பாதையின் சாய்வு அதில் பாதிக்கு மேல் போகக்கூடாது. சரிவு 16 சதவீதம் என்றால் பாதை 8 சதவீதத்துக்குள். அப்போது தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும். பாதியைத் தாண்டினால் தண்ணீருக்குப் பாதையே வாய்க்கால். இதோடு பாதையின் வெளிவிளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி வைப்பார்கள். இறக்கத்தில் அங்கங்கே ஒரு சின்ன ஏற்றம் வைத்து, ஓடிவரும் தண்ணீரை அதற்கு முந்தைய பள்ளத்திலேயே வெளியே தள்ளிவிடுவார்கள். ஓட்டுபவருக்கு அது 'ஆஹா, நல்ல மேடு' என்று தோன்றும். அமைத்தவருக்கு அது வடிகால்.

இந்த விதி எல்லா இடத்திலும் சரிப்படாது. செங்குத்தான இடத்தில், ஈரமண்ணில், கல்லைப் பதித்தே ஆக வேண்டும். கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, நெருக்கி, மண்ணுக்குள் புதைப்பார்கள். வெளியே தெரிவது அதன் தலை மட்டும். பழங்காலத்துக் கல்பாவிய சாலை மாதிரி. கோய்ட் அ ப்ரெனின் பாதைகள் இன்றைக்கும் கரடுமுரடான கல்லுக்குப் பேர்போனவை. கைமுட்டி நோகும் என்று திட்டுபவர்களும் உண்டு. ஆனால் மழையிலும் வருடம் முழுக்க ஓட்டலாம்.

காசு? ஆரம்பத்தில் ஒரு பானக் கம்பெனி உதவியது. அதனால் முதல் பாதைகளில் ஒன்றின் பெயர் ரெட் புல். இப்போது அதே பாதை 'டாரு'. வேல்ஸ் மொழியில் காளை. விளம்பரதாரர் போனார், மாடு மட்டும் நின்றுவிட்டது. பிற்பாடு கைச்சைக்கிள்களும் போகக்கூடிய ஒரு எளிய பாதை வந்தபோது அதற்கு 'மைனர்டார்', அதாவது சின்னக் காளை என்று பெயர் வைத்தார்கள்.

பாதை, வழிகாட்டிப் பலகை, கார் நிறுத்தம், சைக்கிள் கடை, டீ கிடைக்கும் ஒரு கட்டடம். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் இந்த 'பாதை மையம்' பிரிட்டனில் இங்கேதான் முதலில் உருவானது. தெற்கு ஸ்காட்லாந்தின் 7ஸ்டேன்ஸ் போன்றவை இதற்குப் பின்னால் வந்தவை.

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எழுதி வெளியிடுவதில் ஒரு உற்சாகம் இருக்கும். பத்து வருடம் பிழை திருத்த ஆள் கிடைக்காது. பாதையும் அப்படியே. வெட்டுவதற்கு மானியமும் தன்னார்வலர்களும் கிடைப்பார்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வடிகாலில் அடைத்த இலையை எடுக்க யாரும் நாடா வெட்டும் விழா வைப்பதில்லை. போதாததற்கு 2010 முதல் வேல்ஸ் காடுகளின் லார்ச் மரங்களில் ஃபைட்டோஃப்தோரா நோய் பரவியது. நோய்கண்ட மரங்களை வெட்டியாக வேண்டும். கனரக இயந்திரம் நுழைந்தால் பாதை மூடப்படும், சில சமயம் சிதையும்.

2013-இல் வேல்ஸின் வனப்பிரிவு, சுற்றுச்சூழல் முகமை, இயற்கைப் பாதுகாப்புக் குழு மூன்றையும் இணைத்து நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ் என்ற ஒரே அமைப்பு ஆக்கினார்கள். வெள்ளத் தடுப்பும் அதன் வேலை, ஆற்று மாசும் அதன் வேலை, டீக்கடையும் அதன் வேலை. பட்ஜெட்டில் துண்டு விழுந்தபோது எதை வெட்டுவார்கள்? 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு கோய்ட் அ ப்ரெனின் உட்பட மூன்று மையங்களில் உணவகத்தையும் கடையையும் மூடினார்கள். பாதைகளும் கார் நிறுத்தமும் கழிப்பறையும் தொடரும் என்றார்கள். தர்க்கம் எனக்குப் புரிகிறது; வெள்ளத் தடுப்பா கேக்கா என்றால் யாரும் கேக் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் நனைந்து வரும் குடும்பம் உட்கார இடமில்லையென்றால் அடுத்த தடவை வருமா என்பதுதான் சுற்றுவட்டார விடுதிக்காரர்களின் கவலை.

அதே ஏ470-இல் தெற்கே போனால் மெர்த்தர் டிட்வில். 1804-இல் நீராவி எஞ்சின் முதல்முறையாகத் தண்டவாளத்தில் பாரம் இழுத்தது இந்த ஊரில்தான். இரும்பும் நிலக்கரியும் போன பிறகு, 2013-இல் அங்கே பைக்பார்க் வேல்ஸ் திறந்தது. நிலம் அரசுக் காடு, நடத்துவது தனியார். சைக்கிளை டிரெய்லரில் ஏற்றி, உங்களை வேனில் உச்சிக்குக் கொண்டுபோவார்கள். இறங்குவது மட்டும் உங்கள் வேலை. மிதித்தே ஏறினாலும் டிக்கெட் உண்டு. ஒரு பாதைக்கு 'ஏ470 லைன்' என்றே பெயர். டிக்கெட் காசு வருவதால் பாதை செப்பனிடத் தனிக் குழு வைக்க முடிகிறது. காசில்லாத உள்ளூர்ப் பையன் வெளியே நிற்க வேண்டும் என்பது அதன் மறுபக்கம்.

வடக்கே ப்ளைனை ஃபெஸ்டினியோகில் இருப்பது அன்டிர் ஸ்டினியோக். அது காடே அல்ல, ஸ்லேட் கல் சுரங்கத்தின் கழிவு மலை. அங்கேயும் வேன், டிக்கெட் எல்லாம் உண்டு. ஆனால் நடத்துவது உள்ளூர்ச் சமூக நிறுவனம் என்பதால் லாபம் பங்குதாரர் பைக்குப் போகாமல் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. மூன்றில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

கோய்ட் அ ப்ரெனினிலும் 'காரு கோய்ட் அ ப்ரெனின்' என்ற ஊர்க்குழு மையத்தை எடுத்து நடத்த முன்வந்தது. 'காரு' என்றால் அன்பு செலுத்து. நல்ல முயற்சி. ஆனால் ஒப்பந்தம் போடும்போது நான் முதலில் பார்ப்பது ஒரே ஒரு வரியைத்தான்: கார் நிறுத்தக் கட்டணம் யாருக்கு? பாதை ஓசி, டீயில் பெரிய லாபமில்லை, மழை நாளில் கூட்டமும் வராது. நிச்சயமாக வரும் காசு அது ஒன்றுதான். அது அரசிடமே இருந்து, கட்டடம் மட்டும் ஊரிடம் வந்தால், குளிர்காலத்தில் அந்த வடிகால் இலையை யார் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.